குதிரைக்குப் பூச்சி மருந்து: நாள் பார்த்தா, லத்தி பார்த்தா?

குதிரையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எத்தேசத்தவராயினும், அதன் வேகத்தையும், காற்றில் அலையும் பிடரியின் சோபையையும், யுத்தகளத்தில் அது காட்டிய தீரத்தையுமே விரித்துரைப்பது நெடுநாளைய மரபு. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் 1952-ஆம் ஆண்டில் வண்ணச் சித்திரங்களோடு பதிப்பித்தார்கள். அதைப் புரட்டுவோர் கண்ணை முதலில் இழுப்பவை அச்சித்திரங்களில் விளங்கும் நிறமும் வடிவமுந்தான். இன்றைக்கும் ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர் முதலில் சுழி பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து பல்லைக் கொண்டு வயதைக் கணிப்பார். அதன் பிறகு நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். வாலுக்குக் கீழே விழுந்து கிடக்கும் லத்தியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை. அந்த லத்தியில்தான் குதிரையின் ஆயுள் எழுதியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆகையால் இக்கட்டுரை அதைப் பற்றியே பேசுகிறது.

புல் மேயும் குதிரை எதுவாயினும் அதன் குடலில் புழு உண்டு. இதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டியதில்லை. குதிரை இனம் தோன்றிய நாள் தொட்டு அதனோடு கூடவே வாழ்ந்து வந்த ஜந்துக்கள் அவை. மிதமான தொகையில் இருக்கும் வரையில், நன்றாக ஆகாரம் உண்ணும் வளர்ந்த குதிரைக்கு அவற்றால் பெரிய கெடுதல் விளைவதில்லை. உருளைப்புழு, நாடாப்புழு, ஆசனவாயைச் சுற்றி முட்டையிட்டு வாலைத் தேய்க்கச் செய்யும் ஊசிப்புழு, இரைப்பையில் தங்கும் புழு என்று அவற்றின் ஜாதிகள் பல; சிறு ஸ்ட்ராஞ்சைல் என்று வைத்தியர்கள் வழங்கும் ஒரு கூட்டத்தில் மாத்திரம் ஏறக்குறைய 50 இனங்கள் அடங்கும். ஆனால் இவ்வளவு பெரிய குடும்பத்தில் குதிரை வளர்ப்போரை நூற்றாண்டுகளாக நடுங்க வைத்தது ஒன்றே ஒன்று. அதற்கு ஸ்ட்ராஞ்சைலஸ் வல்காரிஸ் என்று பெயர்; இரத்தப்புழு என்றும் சொல்வதுண்டு. வல்காரிஸ் என்னும் லத்தீன் சொல்லுக்குச் சர்வசாதாரணமானது என்று பொருள். கெய்ரோ நகரத்தில் இருந்துகொண்டு எகிப்தின் குதிரைகளையும் கழுதைகளையும் அறுத்து ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஆர்தர் லூஸ் 1900-ல் அதற்கு இப்பெயரை வழங்கினார். அக்காலத்தில் அது அவ்வளவு சாதாரணமாகவே எங்கும் காணப்பட்டது.

இப்புழுவின் யாத்திரையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். லத்தியோடு வெளிவந்த முட்டை, ஈரமும் இதமான உஷ்ணமும் வாய்த்தால், ஒன்றிரண்டு வாரங்களில் பொரிந்து மூன்றாம் பருவத்து இளம்புழுவாகிறது. அப்பருவத்தில் அதற்கு வாயிருந்தும் பயனில்லை. முந்திய பருவத்துத் தோலையே ஒரு போர்வையாக உடல் முழுதும் போர்த்திக்கொண்டிருப்பதால் அது எதையும் உண்ண முடியாது. உடலில் சேமித்து வைத்த சத்து தீரும் வரையில்தான் அதற்கு உயிர். ஆகவே கடும் வெயிலில் அது துடிப்பாகத் திரிந்து விரைவில் செலவழிந்து மாண்டுபோகிறது. குளிர்ந்த தேசங்களிலோ பனிக்காலத்தையும் கடந்து பல மாதம் பிழைத்திருக்கிறது. அதிகாலையில் புல்லின் மேல் பனித்துளி படர்ந்திருக்கும்போது, அந்த மெல்லிய நீர்ப்படலத்தினூடே நெளிந்து நெளிந்து புல்லின் தாளில் ஏறி நின்றுகொள்கிறது. குதிரை வருகிறது, புல்லைக் கடிக்கிறது. அவ்வளவுதான்.

குடலுக்குள் போனதும் போர்வையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குடற்சுவரைத் துளைத்து, அங்குள்ள மிகச் சிறிய இரத்த நாளங்களுக்குள் நுழைகிறது. அதன் பின்னர் அது செய்யும் காரியந்தான் ஆச்சரியமானது: இரத்தம் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில், நாளத்தின் உட்சுவரைப் பற்றிக்கொண்டே ஊர்ந்து, குடல் முழுவதற்கும் இரத்தம் வழங்கும் தாய் நாளத்தின் அடிவேரை இரண்டு மூன்று வாரங்களில் அடைந்துவிடுகிறது. அங்கே சில மாதங்கள் தங்கி வளர்கிறது. பிறகு இரத்த ஓட்டத்தோடு திரும்பிப் பெருங்குடலுக்கு வந்து, முதிர்ந்து, முட்டையிடத் தொடங்குகிறது. புல்லில் இருந்த இளம்புழு முட்டையிடும் தாய்ப்புழுவாவதற்கு ஆறு மாதம் முதல் ஏழு மாதம் வரையில் ஆகிறது. ஓர் அங்குலத்துக்கு மேல் வளராத ஒரு பிராணி, தன்னைவிடக் கோடி மடங்கு பெரிய ஒரு பிராணியின் உடலுக்குள் போக வர இவ்வளவு நீண்ட பிரயாணம் செய்வது சிருஷ்டியின் விசித்திரங்களில் ஒன்று.

ஒரு கால்நடைக் கல்லூரியின் காட்சிச்சாலையில், கண்ணாடிக் குடுவைக்குள் திரவத்தில் ஊறிக் கிடந்த அத்தாய் நாளத்தின் துண்டு ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். ஆரோக்கியமான நாளத்தின் உட்புறம் பட்டுத் துணிபோல் வழவழப்பாய் இருக்க வேண்டும். அந்தத் துண்டைப் பிளந்து விரித்திருந்தார்கள். கட்டைவிரல் பருமனுக்குச் சுவர் தடித்து, உட்புறம் கரடுமுரடாகி, பழைய இரத்தம் உறைந்து மடிப்பு மடிப்பாகப் படிந்திருந்தது. அம்மடிப்புகளுக்கு இடையே, தலைமயிரைச் சிறு துண்டுகளாக வெட்டிச் செருகியதுபோல், இளம்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த உறைந்த இரத்தத்திலிருந்து ஒரு சிறு கட்டி பிய்ந்து ஓட்டத்தில் கலந்து, குடலுக்குப் போகும் கிளை நாளம் ஒன்றை அடைத்துவிட்டால், அக்கிளையை நம்பியிருக்கும் குடற்பகுதி இரத்தமின்றிச் செத்துப்போகிறது. அப்பொழுது குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், வியர்த்துக் கொட்டும், படுத்துப் புரளும். இதைத்தான் நம் முன்னோர் சூலை என்றார்கள், குதிரைப் பந்தய லாயங்களில் இன்று கோலிக் என்கிறார்கள். சூலைக்குக் காரணங்கள் பல உண்டு; ஆனால் நாள வீக்கத்துக்கும் புழுவுக்கும் சூலைக்கும் உள்ள உறவை 1870-லேயே ஆட்டோ போலிங்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஒரு நூலாகவே எழுதி நிறுவிவிட்டார். காரணம் தெரிந்தது, கைகொடுக்க மருந்துதான் இல்லை. அதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இனி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குப் போவோம். சுண்ணாம்புக்கல் நிலத்தில் செழித்து வளரும் புல்வெளிகளும், மைல் கணக்கில் நீளும் மரவேலிகளும், உலகத்திலேயே விலையுயர்ந்த பந்தயக் குதிரைகளும் நிறைந்த லெக்ஸிங்டன் நகரச் சுற்றுவட்டாரத்தில், குட்டிகள் நூற்றுக்கணக்கில் ஒரே புல்தரைகளில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்தன. எனவே புழுவுக்கு அதைவிடச் சிறந்த ராஜ்யம் வேறில்லை. 1940-ஐ ஒட்டி ஃபீனோதயாசின் என்னும் மருந்தும், 1961-ல் தயாபெண்டசோல் என்னும் அதனினும் சிறந்த மருந்தும் வந்தன. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ஹரால்ட் ட்ரட்ஜ், யூஜின் லயன்ஸ் என்னும் இருவரும் 1966-ல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். குதிரைகள் அனைத்துக்கும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் மருந்து கொடுத்து வந்தால், முட்டை வெளிவருவது தடைப்படும். முட்டை இல்லையேல் புல்லில் இளம்புழு இல்லை. இளம்புழு இல்லையேல் நாளம் கெடாது, சூலை வராது என்பதே அந்த யோசனை. அது எளிதாக இருந்தது; நாட்காட்டியில் குறித்துக்கொண்டு யாரும் செய்யக்கூடியதாக இருந்தது. உலகத்தின் பல பாகங்களிலும் அதை அப்படியே பின்பற்றினார்கள். பலன் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. சர்வசாதாரணம் என்று பெயர் வாங்கிய அந்தப் புழு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட பண்ணைகளில் அபூர்வமாகிவிட்டது.

அவ்விருவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்கள் கண்முன் குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு புழுவை நோக்கி அவர்கள் எறிந்த அம்பு குறி தவறவில்லை. தவறியவர்கள் நாம். அந்தப் புழு ஒழிந்த பிறகும் அதே நாட்காட்டியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்ற கேள்வியையே மறந்து, நாள் வந்தால் மருந்து என்று ஒரு சடங்காக ஆக்கிவிட்டோம். சடங்குக்கு ஒரு விலை உண்டு. அதை இப்போது குதிரைகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பெரிய புழு விட்டுச் சென்ற இடத்தைச் சிறு ஸ்ட்ராஞ்சைல்கள் பிடித்துக்கொண்டன. இவை நாளங்களுக்குள் போவதில்லை. பெருங்குடலின் சுவருக்குள்ளேயே ஒரு சிறு கூடு கட்டிக்கொண்டு, வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சில சமயம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் உறங்கிக் கிடக்கின்றன. உறங்கும் புழுவைப் பெரும்பாலான மருந்துகள் தொடுவதில்லை; மாக்சிடெக்டின் என்பதும், ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்கப்படும் ஃபென்பெண்டசோலுமே அதற்கு உரியன. ஏதோ ஒரு காரணத்தால், குளிர்நாடுகளில் பெரும்பாலும் பனிக்காலத்தின் முடிவில், ஆயிரம் பதினாயிரமாக அவை ஒரே சமயத்தில் கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவருமானால், குடலின் உட்சுவர் முழுவதும் புண்ணாகி, கட்டுக்கடங்காத பேதி கண்டு, குதிரை சில வாரங்களில் எலும்பும் தோலுமாக மெலிந்துவிடுகிறது. சிகிச்சை செய்தும் பாதிக் குதிரைகள் பிழைப்பதில்லை. இதில் உள்ள பெரிய சங்கடம், இளம் புழுக்களே உபத்திரவம் செய்வதால் லத்தியில் முட்டையே தென்படாமல் இருக்கக்கூடும் என்பதுதான்.

மருந்துக்கு அடங்காத புழுக்கள் தோன்றியதும் இக்கூட்டத்தில்தான் முதலில். அதன் நியாயம் எளியது. ஒரு லட்சம் புழுக்களில் நூறு புழுக்கள் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றவை என்று வைத்துக்கொள்வோம். மருந்து கொடுத்த மறுநாள் மீந்திருப்பவை அந்த நூறுதான். அடுத்துச் சில வாரங்களுக்கு அக்குதிரை இடும் லத்தியில் அவற்றின் வாரிசுகள் மாத்திரமே இருக்கும். எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, மறுநாளே புதிய புல்தரைக்கு மாற்றிவிட்டால், அப்புல்தரைக்கு வித்திடுபவை முழுவதும் மருந்தை வென்ற புழுக்களே. மாறாக, மருந்து படாத சாதாரணப் புழுக்கள் கொஞ்சம் புல்லிலும் சில குதிரைகளின் வயிற்றிலும் எஞ்சியிருக்குமாயின், அவற்றோடு கலந்து வென்ற புழுவின் வம்சம் நீர்த்துப்போகும். எனவே, சில புழுக்களை வாழவிடுவது கருணையால் அன்று. மருந்து நாளைக்கும் வேலை செய்ய வேண்டும் என்னும் விவேகத்தால். தயாபெண்டசோலைத் தாங்கும் புழுக்கள் கென்டக்கியிலேயே 1960-களில் தலைகாட்டிவிட்டன. அடுத்த மருந்து வரும், அதற்குப் பிறகு மற்றொன்று வரும் என்ற நம்பிக்கையில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த மருந்து உண்மையிலேயே வந்தது. அதன் வரலாறு ஒரு புராணம்போல் இருக்கும். ஜப்பானில் இடோ நகரத்தின் கவானா என்னுமிடத்தில், கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து, சதோஷி ஓமுரா என்னும் விஞ்ஞானி ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது அமெரிக்காவின் மெர்க் கம்பெனியின் ஆராய்ச்சிசாலைக்குப் போயிற்று. அங்கே வில்லியம் கேம்ப்பெல் குழுவினர், புழுவுள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்து அதன் சக்தியைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததே ஐவர்மெக்டின். 1980-களின் தொடக்கத்தில் அது குதிரைகளுக்கு வந்தது. ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 400 கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு 80 மில்லிகிராம் மட்டுமே போதும். அந்த அணுவளவு மருந்து, நாளத்துக்குள் ஒளிந்திருந்த இரத்தப்புழுவின் குஞ்சுகளையும் தேடிக் கொன்றது.

அத்தோடு நின்றிருந்தால் இது குதிரைகளின் கதையாக மாத்திரம் இருந்திருக்கும். குதிரையின் பிடரித் தசைநாரில் வாழும் ஆன்கோசெர்கா என்னும் ஒரு புழு உண்டு. அதன் நுண்ணிய குஞ்சுகள் குதிரையின் தோலில் திரியும். ஐவர்மெக்டின் கொடுத்த குதிரைகளின் தோலில் அக்குஞ்சுகள் மடிந்துபோனதை ஆராய்ச்சியாளர் கவனித்தார்கள். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு புழு, ஆப்பிரிக்காவில் வேகமாக ஓடும் ஆறுகளின் கரையில் கருப்பு ஈக்களால் பரவி, மனிதர்களின் கண்ணைப் பறித்துவந்தது. கிராமங்கள் முழுவதும் ஆற்றங்கரை வளமான நிலத்தை விட்டு ஓடிப்போகும்படி செய்தது. குதிரையின் தோலில் வேலை செய்தது மனிதனின் தோலிலும் செய்யாதா என்று கேம்ப்பெல் எண்ணினார். முகமது அஜீஸ் என்னும் மருத்துவர் 1981-ல் செனகால் நாட்டின் டாக்கர் நகரில் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலித்தது. 1987-ல் அந்நோய்க்கு அதை இலவசமாகவே வழங்குவதாகக் கம்பெனி அறிவித்தது. ஓமுராவும் கேம்ப்பெல்லும் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டிலும் யானைக்கால் நோயை ஒழிக்கச் சில மாவட்டங்களில் 2018 முதல் வழங்கிவரும் மூன்று மருந்துக் கூட்டில் இதுவும் ஒன்று. குருடாகாமல் தப்பிய லட்சோபலட்சம் கண்களுக்கு ஒரு பங்கு நன்றி குதிரைக்கும் உரியது. குதிரை நமக்குக் காட்டிக்கொடுத்த அந்த மருந்தைக் குதிரைக்கே பயன்படாதபடி நாம் ஆக்கிக்கொண்டிருக்கிறோமே என்னும் துக்கந்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஏனெனில், 2002-லேயே நெதர்லாந்திலிருந்து, குட்டிகளின் பெரிய உருளைப்புழு ஐவர்மெக்டினுக்கு அடங்கவில்லை என்ற செய்தி வந்துவிட்டது. 2020-ல், அயர்லாந்திலிருந்து கென்டக்கிக்குக் கொண்டுவந்த ஓராண்டுக் குட்டிகளின் சிறு ஸ்ட்ராஞ்சைல்கள், ஐவர்மெக்டின், மாக்சிடெக்டின் இரண்டையுமே தாங்கிக்கொண்டன என்று அறிக்கை வெளியாயிற்று. அவற்றுக்கு அப்பால் குதிரைகளுக்கென்று புதிய வகை மருந்து ஒன்றும் சந்தையில் காத்திருக்கவில்லை.

அந்த உருளைப்புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சாணுக்கு மேலும், சில ஏறக்குறைய ஒரு முழம் வரையிலும் நீளும் இந்த வெள்ளைப் புழு பெரும்பாலும் ஓராண்டுக்கு உட்பட்ட குட்டிகளுக்கே உரியது. பிறகு உடலில் எதிர்ப்புச் சக்தி ஊறி அது தானே ஒழிந்துபோகிறது. அதன் முட்டைக்குத் தடித்த ஓடும் பசையும் இருப்பதால் லாயத்துச் சுவரிலும், தாய்க்குதிரையின் மடியிலும்கூட ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. குட்டியின் குடலில் இது மிகுந்து கிடக்கும்போது கடுமையான மருந்தைக் கொடுத்து ஒரே நாளில் அத்தனையையும் கொன்றால், செத்த புழுக்கள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு குடலை அடைத்துக் குட்டியையே கொன்றுவிடுவதுண்டு. ஆகையால் குட்டி விஷயத்தில் வைத்தியரைக் கேளாமல் எதுவும் செய்யலாகாது. இதே புழுவின் முட்டையில் மிகச் சில குரோமோசோம்களே இருந்தமையால்தான், வான் பெனடன், போவெரி முதலிய 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் பரம்பரைக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை முதலில் கண்ணாரக் கண்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

இவ்வளவுக்கும் பரிகாரம் என்ன? அது புதியதன்று. 1939-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மக்மாஸ்டர் ஆராய்ச்சிசாலையில், கார்டன், விட்லாக் என்னும் இருவர் ஆட்டின் புழுவுக்காக ஒரு முறையை வகுத்தார்கள். சில மாதங்களுக்கு முன் அதை ஒரு கால்நடை மருத்துவ நண்பரின் அறையில் அருகிருந்து பார்த்தேன். நடுத்தர வயதுடைய ஒரு குதிரைக்காரர், தம் குதிரை கொள்ளு தின்றும் உடம்பு பிடிக்கவில்லை என்று முறையிட வந்திருந்தார்.

“மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், டாக்டர் ஐயா” என்றார்.

“கொடுத்தீர்கள், சரி. பூச்சி போயிற்றா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார் நண்பர்.

அவர் விழித்தார். “அதை எப்படிங்க பார்க்கிறது?”

நண்பர் அவர் கொண்டுவந்திருந்த லத்தியில் 4 கிராம் நிறுத்து எடுத்தார். 56 மில்லி கடும் உப்பு நீரில் கரைத்து வடிகட்டினார். விதை நெல்லை உப்பு நீரில் போட்டால் பதர் மேலே மிதக்கும் அல்லவா? அதுபோல லத்தியின் கசடு கீழே தங்க, புழுவின் முட்டைகள் மேலே மிதந்து வரும். கோடு கிழித்த இரண்டு கண்ணாடி அறைகளில் அந்நீரை நிரப்பி, ஐந்து நிமிஷம் பொறுத்து, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். மங்கலான பழுப்பு வெளியில், மெல்லிய ஓடும் உள்ளே திராட்சைக் கொத்துப்போல் திரண்ட உயிரணுக்களுமாக, முட்டை வடிவச் சிறு உருவங்கள் அங்கங்கே மிதந்தன. அவர் எண்ணினார்: இரண்டு அறைகளிலுமாகக் கோட்டுக்குள் இருந்தவை 24. அந்த அளவில் ஒரு முட்டைக்கு 50 என்று பெருக்க வேண்டும். ஆகவே ஒரு கிராம் லத்தியில் 1,200 முட்டைகள். வழக்கமான ஃபென்பெண்டசோலையே எடை பார்த்துக் கொடுத்துவிட்டு, பதினான்காம் நாள் மறுபடியும் லத்தி கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு எண்ணியபோது 9, அதாவது 450. நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது குறைந்திருக்க வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு பங்குதான் குறைந்திருந்தது. அந்த லாயத்துப் புழு அந்த மருந்தை ஜெயித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ! குதிரைக்காரர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “இத்தனை நாள் நான் கொடுத்த காசெல்லாம் புழுவுக்குத் தீனிதானா ஐயா?” என்று கேட்டார். அவர் முகத்தில் கண்ட வருத்தம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எண்ணிப் பார்ப்பதால் மற்றோர் உண்மையும் புலனாகிறது. ஒரு மந்தையில் வளர்ந்த குதிரைகள் பத்து இருந்தால், அவை புல்லில் விதைக்கும் முட்டைகளில் நூற்றுக்கு எண்பது பங்கு ஏறக்குறைய இரண்டு மூன்று குதிரைகளிடமிருந்தே வருகிறது. மற்றவை இயல்பாகவே புழுவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் உடற்கட்டு உடையவை. அந்த இரண்டு மூன்றுக்கு மட்டும் கூடுதலாக மருந்து கொடுத்தால் போதும். எனினும் இதையும் கண்மூடிப் பின்பற்றலாகாது என்பதற்கு டென்மார்க் தேசம் சான்று. அங்கே 1999 முதல் கால்நடை மருத்துவர் நோயை நிர்ணயித்த பிறகே புழு மருந்து தரலாம் என்று சட்டம் செய்தார்கள். மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மிகுதியாக முட்டையிடும் குதிரைகளுக்கு மாத்திரம் மருந்து கொடுத்துவந்த பண்ணைகளில், ஒழிந்தது என்று எண்ணியிருந்த அந்த இரத்தப்புழு மெல்லத் திரும்பி வந்துவிட்டதைப் பின்னர் அங்குள்ள ஆராய்ச்சியாளர்களே கண்டு எழுதினார்கள். எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை எல்லாக் குதிரைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதும், அதற்கு மேற்பட்டதை முட்டை எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுப்பதுமே இன்று அறிஞர் ஒப்பிய நடுவழி.

மருந்தின் அளவு குறைந்துபோவதும் புழுவுக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிக்கிறார்கள். எடைமேடை இல்லாவிட்டால் ஒரு தையற்காரர் நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 உள்ள ஒரு நாட்டுக் குதிரை சுமார் 300 கிலோ நிற்கும்.

மருந்தே இல்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: மேய்ச்சல் தரையிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை லத்தியை அள்ளி அப்புறப்படுத்துவது. முட்டை இளம்புழுவாகிப் புல்லேறுமுன் அள்ளிவிட்டால் காரியம் முடிந்தது. அள்ளியதை நன்றாக மட்கவைத்த பிறகே எருவாக இட வேண்டும். குதிரை மேய்ந்த தரையில் மாட்டையோ ஆட்டையோ மேயவிட்டால், குதிரையின் ஸ்ட்ராஞ்சைல் இளம்புழுக்களை அவை தின்று ஜீரணித்துவிடும் என்றும் மேல்நாட்டு நூல்கள் கூறுகின்றன. அது மெய்யே. ஆனால் நம் பிரதேசத்தில் அந்த யோசனையோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா என்னும் நூல்போன்ற புழு ஒன்று ஒரு கெடுதலும் செய்யாமல் வாழ்கிறது. கொசு அதன் குஞ்சை எடுத்துக் குதிரையின் உடம்பில் விட்டுவிட்டால், வழி தெரியாத அக்குஞ்சு அலைந்து திரிந்து முதுகுத்தண்டின் நரம்பினுள் புகுந்துவிடுகிறது. நேற்றுவரை ஓடிய குதிரை இன்று இடுப்பு துவண்டு பின்கால்களை இழுத்துக்கொண்டு நடக்கும். கமர் என்றால் இடுப்பு. அதனால் வட இந்தியக் குதிரைக்காரர்கள் இதைக் கும்ரி என்றார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் பர்மாவிலும் குதிரைகளை முடமாக்கிய இந்நோய்க்கும் வழி தவறிய புழுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்ஸ் என்பவரும் பெருமாள் பிள்ளை என்பவரும் 1955-ல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ சஞ்சிகையில் விரிவாக எழுதினார்கள். ஆகையால் மாட்டுத் தொழுவமும் குதிரை லாயமும் ஒட்டியிருக்கும் இடங்களில் தேங்கிய நீரை அகற்றுவதும், மாலையில் கொசு அண்டாமல் பார்ப்பதும் புழுத் தடுப்பின் ஒரு பகுதியே.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு, அது பந்தய லாயமாயினும், மெரீனா மணலில் குழந்தைகளைச் சுமக்கும் ஒற்றைக் குதிரையாயினும், என் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை பூச்சி மருந்து வாங்கக் கடைக்குப் போகுமுன், காலையில் புதிதாக விழுந்த லத்தியில் ஓர் எலுமிச்சங்காய் அளவு எடுத்து, காற்றுப் புகாமல் ஒரு பையில் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், முட்டையை எண்ணித் தரும்படி கேளுங்கள். மருந்து கொடுக்கச் சொன்னால் எடை அளந்து கொடுங்கள். பதினான்காம் நாள் மறுபடியும் ஒரு பையோடு போங்கள்.